எண்பத்தாறு பக்கங்களுக்கு ஒரு தேடல் பெட்டி

என் கணவர் இருதயராஜ் தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டே, பேருந்து எப்போது வரும் என்று கணிக்கும் ஒரு சாஃப்ட்வேர் லைப்ரரியை, அதாவது நிரல் தொகுப்பை, எழுதினார். நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே தமிழில் ஒரு குறிப்பு வைப்பார். அந்தக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரே திரட்டி விளக்கப் பக்கங்களாக்கிவிடும். "உன்னப் பத்தியும் ஒண்ணு எழுதி வச்சிக்கீறேன், தேடிக் கண்டுபுடி" என்பார். அவர் இறந்த பிறகு எண்பத்தாறு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து, அவர் தம்பி அலெக்ஸ் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கங்களில் ஒரு தேடல் பெட்டியைச் சேர்த்தான்.

"கண்ணால தேடிக்கினு பேஜாராவாதீங்க அண்ணி. பேர அடிங்க."

கலையரசி என்று அடித்தேன். ஒரு முடிவு வந்தது. எண்பத்தேழாம் பக்கம்.

"கலையரசி, ரெண்டு தபா படிச்சிட்டு அழுதியே. எழுதி வச்சிக்கீறேன்னு அப்ப சும்மா உட்டேன், இப்பதான் எழுதறேன். பஸ் லேட்டானா எனக்குக் கோவமே வராது. உன்ன நெனச்சிக்கினு நிப்பேன்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் போன பதினோரு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

அலெக்ஸ் அவர் எழுதிய மூல ஃபைல்களை முழுக்கத் துழாவினான். "இது எதுலயும் இல்லீங்க அண்ணி" என்று பக்கங்களைப் புதிதாக உருவாக்கினான். எண்பத்தாறுதான் வந்தன. மறுபடி என் பெயரை அடித்தேன். இந்த முறை இரண்டு முடிவுகள்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரே வரி இருந்தது.

"கலையரசி, சிரிச்சது போதும், அவனுக்கு ஒரு காப்பி குடு, மூஞ்சி வெளுத்துக் கீது."