மென்ற வெற்றிலை

“மென்னாரா, மெல்லலையா? அத மட்டும் கேளுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் துரையைப் பார்த்தபடியே அந்தோணிமுத்து இதை ஆரோக்கியசெல்வத்திடம் சொன்னார்.

ஆரோக்கியசெல்வம் துரைக்கு மொழிபெயர்ப்பவன். இங்கிலீஷில் கேட்டான். துரை சிரித்தார்.

“மென்னாகளாம். ரொம்பக் காரமாம். விருந்தாளிக்குக் குடுக்குறதுன்னு நெனச்சாகளாம்.”

அந்தோணிமுத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

உத்தமபாளையத்தில் அவர் செய்த ஏலக்காய் வியாபாரம் இப்படித்தான். விலை படிந்ததும் விற்பவர் வெற்றிலை பாக்கு நீட்டுவார். வாங்குபவர் அதை வாயில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அங்கேயே மூட்டையின் வாயைத் தைத்துவிடுவார்கள். அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் பிரித்துக் காட்டுவதில்லை.

மழைக்கு முன்பு விலை படிந்த அன்று துரையும் மென்றார். மூட்டைகளைத் தைத்தார்கள். மறுநாள் வந்த விருதுபட்டி வியாபாரியை அந்தோணிமுத்து வாசலோடு திருப்பி அனுப்பினார்.

இப்போது மழை இறங்கிவிட்டது. சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குள் ஈரக்காற்று பட்டுக் காய் வெளுத்துக்கொண்டிருந்தது. துரைக்கு மலைமேல் வேறு சரக்கு மலிவாகக் கிடைத்துவிட்டது; இந்த மூட்டைகள் வேண்டாம் என்றுவிட்டார்.

கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கே என்று துரை கேட்டார். அவருடைய ஊரில் அது இல்லாமல் ஒரு குதிரையைக்கூட விற்க மாட்டார்களாம். அவர் ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே தேடுகிறவர் போல மேசையைப் பார்த்தார்.

“இங்கன உக்காந்துதான் மென்னாரு. அந்தத் தூணோரமாத் துப்புனாரு. கறை இன்னும் கெடக்கு. அதுக்கு மேல என்ன கையெழுத்து வேணும்? ஊர்க்காரன் காயும் இதுக்குள்ள இருக்கு. அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்க?”

கிட்டங்கியின் பின்பக்கம் அந்தோணிமுத்துவின் மகள் மதலேனாள் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தைத்ததும் அவள்தான். கத்தி பக்கத்திலேயே கிடந்தது. நூலை அறுக்காமல் கையாலேயே பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள்.

“அவுக சொல்றதும் நியாயந்தான்” என்றான் ஆரோக்கியசெல்வம். “எழுத்துல இல்லாத பேச்சுக்கு யாரு பொறுப்பு?”

அது மொழிபெயர்ப்பில்லை; துரை அப்போது வாயையே திறக்கவில்லை.

மதலேனாள் எழுந்து வந்தாள். விரல் இடுக்குகள் சிவந்திருந்தன. ஆரோக்கியசெல்வத்தின் பக்கம் திரும்பாமல், அவனைக் கையால் மட்டும் காட்டி அப்பாவிடம் பேசினாள்.

“ஐயா, போன மாசம் இவுக வீட்டு ஆளுக நம்ம வீட்டுக்கு வந்து, எனக்கும் இவுகளுக்கும் கல்யாணம் பேசி வெத்தல மாத்துனாகள்ல. அதுக்கும் ஒரு காயிதம் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

 

துரை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரோக்கியசெல்வத்தைப் பார்த்தார்.

“அந்தப் பெண் என்ன கேட்கிறாள்? எனக்கும் சொல்” என்றார் இங்கிலீஷில்.