தேயாத ஷூ

“டேய் டிண்டோ, நல்லா ஏமாந்திருக்கே!”

பிலிப்பைன்ஸின் மரிகினா நகர ஷூ சேகரிப்பாளர் சங்கத்தில் ஆர்செனியோ சொன்னால் சொன்னதுதான். அவர் ஷூவைக் கவிழ்த்துக் காட்டியதும் கூட்டமே சிரித்தது.

மறைந்த தொலைக்காட்சி வினாடி வினாத் தொகுப்பாளர் நெமெசியோ அண்ணன் கடைசி நான்கு வருடம் நிகழ்ச்சியில் அணிந்த ஷூ என்று நம்பி, தன்னிடமிருந்த அபூர்வ ஜோடிகளையெல்லாம் கொடுத்து டிண்டோ வாங்கியது அது. அண்ணனின் முதல் நினைவு நாளுக்காகக் கொண்டுவந்திருந்தான்.

“நாலு வருஷம் போட்டதாம்! அடியில ஒரு கீறல் கூட இல்ல. அண்ணன் என்ன பறந்தா போனாரு?”

டிண்டோ சட்டென்று திரும்பிப் பார்த்தான். ஷூவைக் கொடுத்த மிலாக்ரோஸும் அங்கேதான் இருந்தார். தொலைக்காட்சி நிலையத்தில் அண்ணனுக்கு ஒப்பனை செய்தவர்.

“அக்கா, ஏதாவது சொல்லுங்கக்கா!”

மிலாக்ரோஸ் எழுந்து முன்னால் வந்தார்.

“யார்கிட்டயும் சொல்லாதேன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தாரு. அந்த நாலு வருஷமும் மேசைக்குப் பின்னால அவர் உக்காந்திருந்தது சக்கர நாற்காலியில. ஒரு அடி நடக்க முடியாது. நான்தான் தினமும் ஷூவை மாட்டிவிடுவேன்.”

சிரிப்பு நின்றுபோனது.

“‘இதை யாருண்ணே பாக்கப் போறாங்க?’ன்னு கேப்பேன். ‘போட்டிக்கு வர்றவங்க இருக்கறதுலயே நல்லதா உடுத்திட்டு வர்றாங்க. நான் வெறுங்காலோட உக்காந்தா மரியாதையா?’ம்பாரு.”

ஆர்செனியோ ஷூவை மெல்ல நிமிர்த்தி, இரண்டு கைகளாலும் ஏந்தி டிண்டோவிடம் நீட்டினார்.