ஹெச். ஆர்னடோட்டிருக்குப் பரிசு

"ஒரே ஆராய்ச்சிக்காரம்மா இதயத்தைப் பத்தியும் எழுதுவாங்க, எரிமலையைப் பத்தியும் எழுதுவாங்களா? யாரு காதுல பூ சுத்தறே வீட்ஸ்கா?"

மேடைக்குப் பின்னால் காபியோடு நின்ற புரொஃபசர் ப்ரூயின்ஸ்மா வழக்கம்போல முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"அது மட்டுமா? மீன் நோய், பனிப்பாறைன்னு கட்டுரையா எழுதித் தள்ளியிருக்காங்க புரொஃபசர்! எல்லாமே முதல் தரம்!"

வீட்ஸ்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. காபிக்கு ஒரு பிஸ்கட் என்ற ஊர் வழக்கத்தையே மறந்து இரண்டாவதை எடுத்துக் கடித்தாள்.

'துறைகளை இணைத்தவர்' பரிசுக் குழுவிலேயே இளையவள் அவள். ஐஸ்லாந்தின் ஹெச். ஆர்னடோட்டிரைக் கண்டுபிடித்து, மற்றவர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்தவளும் அவள்தான். முகம், வயது, முழுப்பெயர் எதையும் பார்க்காமல் கட்டுரைகளை மட்டுமே எடைபோட வேண்டும் என்பது குழுவின் கறாரான விதி.

"ஆளாவது வருமா?"

"கட்டுரைகள்ல நாலு முகவரி இருந்துச்சு. நாலுக்கும் அழைப்பு அனுப்பினேன். நாலுலேருந்தும் 'கட்டாயம் வர்றேன்'னு பதில் வந்துச்சு!"

"ஒரு அழைப்புக்கு நாலு பதிலா? மறதிக்காரியா?"

"உற்சாகம் புரொஃபசர், உற்சாகம்!"

"என்னமோ போ. மேடையில மானம் கப்பலேறுச்சுன்னா, அடுத்த வருஷம் குழுவுல உனக்கு நாற்காலி கிடையாது. சொல்லிட்டேன்."

க்ரோனிங்கன் நகரின் அந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. வீட்ஸ்கா கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி மேடையோரம் நின்றாள். எப்படி இருப்பார்? குட்டையா, நெட்டையா? தன் கல்யாணத்துக்குக்கூட அவள் இப்படிப் படபடத்ததில்லை.

ப்ரூயின்ஸ்மா ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"ஹெச். ஆர்னடோட்டிர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. முன்வரிசையில் உயரமான ஒரு பெண் எழுந்தார். அவர் பக்கத்தில் இன்னொரு பெண் எழுந்தார். அதற்கடுத்து ஒருவர். கடைசியாக ஒரு வெள்ளைத்தலை அம்மாள்.

நால்வரும் வரிசையாக மேடை ஏறினார்கள். கைதட்டல் தேய்ந்து நின்றது. ப்ரூயின்ஸ்மா திரும்பி வீட்ஸ்காவை முறைத்தார்.

உயரமான பெண் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"எங்க ஊர்ல குடும்பப் பேரே கிடையாதுங்க. அப்பா பேரோட 'டோட்டிர்', அதாவது 'மகள்'னு சேத்துக்குவோம், அவ்வளவுதான். எங்க நாலு பேரோட அப்பா பேரும் ஆர்னி, ஆனா நாலும் வேற வேற ஆர்னி. நான் ஹில்டுர், இதய டாக்டர். இவங்க ஹல்லா, எரிமலை. இவங்க ஹெர்தீஸ், மீன். இந்தப் பெரியவங்க ஹ்ரெப்னா, பனிப்பாறை. இன்னிக்கு விமானத்துல ஆளுக்கொரு அழைப்பைக் கையில வெச்சிருந்ததைப் பாத்துத்தான் அறிமுகமே ஆனோம்!"

"அப்போ பரிசு..." ப்ரூயின்ஸ்மாவுக்கு நாக்கு குழறியது.

"இருங்க, இன்னும் முடிக்கல. எரிமலைப் புகை மனுஷ இதயத்தை என்ன பண்ணுது, மீனை என்ன பண்ணுது, பனிக்குள்ள எத்தனை வருஷம் தங்குது? தரை இறங்கறதுக்குள்ள நாலு பேரும் சேர்ந்து ஆராய்ச்சியையே ஆரம்பிச்சிட்டோம். ஆமா, எங்களைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

வீட்ஸ்கா கையைத் தூக்கினாள், கேடயத்தை அவர்களிடம் நீட்டினாள்.

ஹில்டுர் அதை அவள் நெஞ்சுக்கே திருப்பித் தள்ளினார்.

"துறைகளை இணைச்சவங்களுக்குத்தானே பரிசு? அது நீதாம்மா!"