ராணிமேல் எச்சிலா?

அரியலூர் அஞ்சலகத்தில் பசைக்கிண்ணம் காய்ந்து கிடக்கிறது. குழாயிலும் காற்றுதான் வருகிறது. சன்னல் வெயிலில் சிமென்ட் தூசி மிதக்கிறது. மகளின் வேலை விண்ணப்பம் இன்றே போயாக வேண்டும். ராசாங்கமோ வேலுநாச்சியாரின் நினைவு அஞ்சல்தலையைக் கோயில் திருநீறுபோல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார். அவர் மனைவி சம்பூர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “நாக்குல தடவி ஒட்டித் தொலைங்களேன்!” “வாளெடுத்த மகராசியை எச்சி பண்ணச் சொல்றியாடி?” “தபால் பையைக் கட்டப்போறேங்க,” என்று எழுத்தர் உள்ளிருந்து குரல் கொடுக்கிறார். சம்பூர்ணம் அஞ்சல்தலையை வெடுக்கென்று பிடுங்குகிறாள். நெற்றியில் வழியும் வியர்வையை விரலால் வழித்து, அஞ்சல்தலையின் பின்புறம் தடவி, உறையில் வைத்து ஓங்கி அழுத்துகிறாள். “எச்சிதானே ஆகாது? இது வேர்வை. சண்டையில நின்ன மகராசிக்கு இது என்ன புதுசா?”