பிழை பிறந்த கோப்பு

மத்தியான வெயில் கண்ணாடிச் சுவரைத் தாண்டி வந்து, கூட்ட அறையின் பெரிய திரையில் பாதியை வெளுக்க வைக்கிறது. மீதிப் பாதியில், டீம் எழுதிய நிரலைச் சேர்த்துச் சோதிக்கும் பில்ட் கருவி ஓடுகிறது. எல்லாருடைய கோப்புகளையும் ஒன்றாகத் தைத்த பிறகுதான் அந்தக் கருவி பிழை தேடும். தையலில் முதலில் வருவது ஓரத்தில் டீயோடு உட்கார்ந்திருப்பவளின் கோப்பு என்பதால், யார் சொதப்பினாலும் அதன் பெயரைத்தான் காட்டிவந்தது. "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று சிரித்துச் சிரித்தே டீம் லீடர் அவளுடைய பதவி உயர்வைத் தட்டிவிட்டார். போன வாரம் அவள் சத்தமில்லாமல் கருவியைத் திருத்தினாள்; இப்போது ஒவ்வொரு வரியும் தான் எந்தக் கோப்பில் பிறந்தது என்பதை மறப்பதில்லை. பிழை என்று திரை சிவக்கிறது. "என்னம்மா, மறுபடியும் நீதானா?" லீடர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பவர்கள் சிரிக்கிறார்கள். கூட்டத்துக்கு வந்திருக்கும் மேலாளர் அம்மா எழுந்து திரைச்சீலையை இழுக்கிறார். வெளுத்த பாதி தெளிகிறது. சிரிப்பு பாதியில் நிற்கிறது. அங்கே லீடரின் கோப்புப் பெயர், நேற்று அவரே அடித்த வரி. அவர் விரல்களில் பேனா மூடி திறந்து மூடுகிறது. "இந்த டூல்ல ஏதோ கோளாறு." காலையிலேயே அந்தப் பிழையைப் பார்த்துவிட்டு, மேலாளர் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவள், ஆறிப்போன டீயை ருசித்துக் குடிக்கிறாள். "மெஷின் பொய் சொல்லாது சார். வேணும்னா எல்லாரும் பாக்க இன்னொரு தடவை ஓட்டட்டுமா?"