கடித்த கைப்பிடி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற சங்கதி இல்ல இது.

விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனி. அங்க வேலை பார்க்கிற அன்பரசிக்கு வயித்துல மூணு மாசம். வூட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

எப்படிச் சொல்லுவா? எண்பது நாள் வேலை பார்த்தவளுக்குப் பிள்ளைப்பேறு லீவுல சம்பளம் குடுக்கணும்னு சட்டம். அதனாலயே, வயித்துல இருக்குன்னு தெரிஞ்சா எண்பது நாள் ஆகுறதுக்கு முன்னாலயே நிறுத்திடுவாரு முதலாளி. போன மாசம் கூட வேலை பார்த்த வளர்மதி அப்படித்தான் போனா. அன்பரசிக்கு இன்னும் ரெண்டு நாள் பாக்கி.

இதுல மேஸ்திரி பாஞ்சாலை வேற.

"கோப்பை அடுக்குன பலகை தூக்கத் துப்பில்ல, வேலைக்கு வந்துட்டா! போடி, மூலையில ஒக்காந்து கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டு!"

நாலு பேர் முன்னால தெனமும் இந்த ஏச்சு. இந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம்னு அன்பரசிக்குப் பயம்.

அன்னிக்கு, சூளைக்குப் போகாத கைப்பிடி ஒண்ணு காஞ்சு கெடந்துச்சு. மண்ணு வாசனை ஆளை இழுத்துச்சு. ஒரு கடி கடிச்சுட்டா.

"யாரு அது மண்ணு திங்கிறது?"

பின்னால முதலாளி. அன்பரசி உதடெல்லாம் வெள்ளை. கையில மிச்சக் கைப்பிடி.

"மசக்கையா?"

அன்பரசி வாயில இருந்த மண்ணை அவசரமா முழுங்கினா.

"வளர்மதியும் இப்படித்தான் மாட்டுனா. பொம்பளைங்கள வேலைக்கு வெச்சா இதான் ரோதனை. பாஞ்சாலை! இவளை இன்னியோட அனுப்பு!"

பாஞ்சாலை விடுவிடுன்னு வந்தா. கைப்பிடியை வெடுக்குன்னு புடுங்கினா.

"ஏண்டி, மணல் நறநறங்குதா இல்லியா? கடிச்சுப் பார்த்துச் சொல்ல இவ்ளோ நேரமா?"

"என்ன கதை இது?"ன்னாரு முதலாளி.

"புது லோடு மண்ணுங்க ஐயா. மணல் கலந்திருந்தா சூளையில வெடிச்சிடும். பல்லுல வெச்சாத்தான் தெரியும். நான்தான் கடிக்கச் சொன்னேன்."

"கடிச்சா துப்பணும். இவ முழுங்கினா. நான் பார்த்தேன்."

தலை நரைச்ச பாஞ்சாலை மிச்சக் கைப்பிடியை வாயில போட்டா. நறநறன்னு மென்னா. முழுங்கிட்டு, வாயைத் திறந்து காட்டினா.

"எனக்கும் மசக்கைதானுங்களே ஐயா? என்னையும் அனுப்பிடுங்க."

பொம்பளைங்க குபீர்னு சிரிச்சாங்க. முதலாளி முகம் சிவந்து, திரும்பிப் பார்க்காம போயிட்டாரு.

பாஞ்சாலை குனிஞ்சா. "சுமை தூக்க வேணாம்னு மூலையில ஒக்கார வெச்சா, மண்ணையாடி திங்கிறே?"

காலையிலயே முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த மாங்காய்ப் பத்தையை அவிழ்த்து, அன்பரசி மடியில போட்டா.