ஐம்பதுக்குப் பதினொன்று

"இந்த ஆளை நான் சும்மா விடப் போறதில்ல மேடம்!"

விஜயசங்கர் மேசையில் ஓங்கித் தட்டினார். அவர் முன்னால் இருந்த லேப்டாப் திரையில், பாதியில் நிறுத்திய வீடியோவில் ஓர் ஆடு வாயைத் திறந்தபடி நின்றது.

எதிரே தென்காசி ஆன்லைன் படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் உமா மகேஸ்வரி உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் அனுப்பும் பாட வீடியோக்களுக்கு மதிப்பெண் போடும் குழுவுக்கு விஜயசங்கர்தான் தலைவர். கடையத்தைச் சேர்ந்த இராமலட்சுமி என்ற மாணவி கொடுத்த புகாரைக் காட்டி அபிப்பிராயம் கேட்கத்தான் உமா மகேஸ்வரி அவரை வரச் சொல்லியிருந்தார்.

ஆறு நிமிட வீடியோ. பழக்கூடையில் சாய்த்து வைத்த செல்போனில் எடுத்தது. கொய்யாத் தோப்பில் எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு பழத்தை நான்காக வெட்டி, கால், அரை, முக்கால் என்று சொல்லிக்கொடுக்கிறாள் இராமலட்சுமி. சொல்லச் சொல்லத் திரையில் எண்கள் பெரிது பெரிதாக வருகின்றன.

நான்காவது நிமிடத்தில் எங்கிருந்தோ வந்த ஆடு ஒரு துண்டைக் கவ்விவிடுகிறது. அவள் அசரவில்லை. "ஆடு கால் பங்கைத் தின்னுட்டு. இப்ப மிச்சம் எவ்வளவுலே?" என்கிறாள். "முக்கா!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள்.

"பாத்தீங்களா? எங்க காலேஜ்ல முப்பது வருசம் பாடம் நடத்துனவனுக்குக்கூட இது வராது. இதுக்கு ஐம்பதுக்குப் பதினொண்ணு. ஃபெயில்!"

"காரணமும் போட்டிருக்கு சார். குரல் தெளிவில்லை. திரையில் எழுத்து இல்லை. மாணவர் பங்கேற்பு இல்லை."

விஜயசங்கர் சிரித்தார். "திரை பூரா எழுத்து ஓடுது. பிள்ளைங்க போடுத சத்தத்துல ஆடே மிரளுது. பங்கேற்பு இல்லையாம்! அந்தக் காரணத்தைக்கூட சொந்தமா எழுதல மேடம். வெப்சைட்ல ரெடியா இருக்க லிஸ்ட்ல மூணை டிக் அடிச்சிருக்கான். வீடியோவைத் திறந்தே பாக்கல. இவனெல்லாம் ஒரு வாத்தியார்!"

"வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும் சார்."

"எனக்கு இல்லாத வேலையா? சீசன்ல குற்றாலத்துல ரூம் போட்டு, மூணே நாள்ல இருநூத்தி எண்பது வீடியோ முடிச்சுக் கொடுத்தேன். காலைல ஐந்தருவி, சாயங்காலம் மெயினருவி, நடுவுல வேல்யூவேஷன். மனசு இருந்தா நேரம் கிடைக்கும்."

"சரி சார்" என்றார் உமா மகேஸ்வரி.

"யாரு அவன்? நம்ம குழுவுல இருக்க ராயகிரி நாறும்பூநாதனா? அவனாத்தான் இருக்கணும். ஹெட்போனை மாட்டிக்கிட்டே தூங்குத ஆளு."

"பேரை நான் இப்பச் சொல்லக் கூடாது சார். உங்க பரிந்துரை எழுத்துல வரணும்."

"பேப்பரைக் கொடுங்க."

விஜயசங்கர் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தும் காட்டினார். "காணொளியைப் பார்க்காமலே மதிப்பெண் இட்ட இந்நபர் ஆசிரியர் தொழிலுக்கே அவமானம். காணொளியை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். இவரைக் குழுவிலிருந்து உடனே நீக்க வேண்டும். இவர் மாணவியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்." 'நேரில்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

"நல்லா யோசிச்சுக்கிடுங்க சார். மேலிடத்துக்குப் போனா அப்புறம் மாத்த முடியாது."

"மாத்துததுக்கா எழுதியிருக்கேன்? அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்க."

காலையிலிருந்து வராந்தாவில் காத்திருந்த இராமலட்சுமி உள்ளே வந்தாள். சான்றிதழ்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் விஜயசங்கருக்கு வணக்கம் சொன்னாள்.

"உன் வீடியோ பிரமாதம்மா. மறுமதிப்பீடு செய்யணும்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன். பாஸ் ஆயிருவ. தைரியமா இரு."

அவள் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி சார். ஆலங்குளத்துல ஒரு ஸ்கூல்ல எனக்கு வேலை சொல்லியிருந்தாவ. பதினொண்ணைப் பாத்துட்டு வேற ஆளை எடுத்துட்டாவ. ஆட்டை வச்சுப் பாடம் எடுத்தா ஆட்டு மார்க்குதான் வரும்னு வீட்டுலயும் கேலி பண்ணுதாவ."

விஜயசங்கரின் முகம் சிவந்தது. "கேட்டீங்களா மேடம்? ஒரு பிள்ளையோட பொழப்பையே கெடுத்துட்டான் பாவி. என் கையில கிடைக்கட்டும்."

"எனக்கு ஒரே ஒரு ஆசை சார்." இராமலட்சுமி அவர் முகத்தையே பார்த்தபடி சொன்னாள். "திட்டவெல்லாம் மாட்டேன். பதினொண்ணு போட்டாவல்லா, அவுகளை நேருக்கு நேரா ஒரு தடவை பாக்கணும்."

"பாக்கலாம்மா. உன் முன்னால நானே கொண்டாந்து நிறுத்துதேன். இது என் பொறுப்பு."

உமா மகேஸ்வரி பரிந்துரைக் கடிதத்தில் மையத்தின் முத்திரையைக் குத்தினார். மை காயும்வரை பொறுத்திருந்து, அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"அவரைத்தான் பாத்துக்கிட்டு நிக்கீங்க, இராமலட்சுமி."